எமரால்டு அணையில் தண்ணீர் நிற்கிறது, எங்கள் குழாயில் காற்று வருகிறது. ஏன்?

நீல டிரம் | ஞாயிறு, இரவு 9:40

பெரியம்மா வீட்டு விசேஷத்துக்காக நீலகிரியில் இருக்கும் எமரால்டு போய்விட்டு இப்போதுதான் திரும்பினேன். மார்ச் மாதம்தான் நடக்கிறது, அதற்குள் அணை பாதிக்கு மேல் இறங்கிக் கிடக்கிறது. கரை முழுக்கப் படி வெட்டியதுபோல் வரிவரியாகச் செம்மண். நடுவில் என்றைக்கோ வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகள் கறுத்துப்போய்த் தலைநீட்டுகின்றன. ஆகஸ்டில் நான் வந்தபோது இதே இடத்தில் தண்ணீர் தளும்பிக்கொண்டு நின்றது.

நான் இருப்பது அங்கிருந்து அதிக தூரம் இல்லாத ஒரு மலை நகரம். பெயர் வேண்டாம், எல்லா ஊரும் ஒன்றுதான். எங்கள் தெருவில் பத்துப் பன்னிரண்டு நாளைக்கு ஒரு முறைதான் குழாயில் தண்ணீர் வரும். சமையலறைக்குப் போகும் வழியில் மூன்று நீல டிரம். தண்ணீர் வந்த நாளை அம்மா தினசரி நாள்காட்டித் தாளில் ஒரு வட்டம் போட்டுக் கிழித்து, ஆணியில் குத்தி வைப்பார். அமாவாசை, பௌர்ணமிகூட அவ்வளவு ஒழுங்காக எங்கள் வீட்டில் கணக்கு இல்லை.

ஆகஸ்டில் நின்ற அவ்வளவு தண்ணீரும் எங்கே போனது? எல்லாவற்றையும் கரண்டுக்கு விட்டுவிட்டார்களா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பவானிக்கரை | ஞாயிறு, இரவு 10:05

எங்கே போயிற்று என்றா கேட்கிறீர்கள்? எங்கள் மேட்டுப்பாளையத்துக்குத்தான் வந்தது. உங்கள் ஊர்த் தண்ணீரில்தான் நாங்கள் குளிக்கிறோம், நன்றி. என் பாட்டி மட்டும் கடைசிவரை நம்பவில்லை. "மின்சாரத்தைக் கடைந்து எடுத்த தண்ணீர், மோர் மாதிரி சத்துப் போயிருக்கும்" என்பார்.

இரவுப் பணி | திங்கள், காலை 6:15

நீல டிரம் தம்பிக்கு, குந்தா மின் நிலையங்களில் ஷிப்ட் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கரண்டுக்கு விட்டுவிட்டார்கள் என்பது சரிதான். அதில் மறைக்க ஒன்றுமில்லை, அந்த அணையைக் கட்டியதே அதற்காகத்தான். கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா கொடுத்த உதவியோடு 1950களின் பிற்பகுதியில் தொடங்கிய வேலை அது.

தண்ணீர் போகும் வழியைச் சொல்கிறேன், வரைபடம் வைத்துக்கொண்டு பாருங்கள். உச்சியில் அப்பர்பவானி, முழுக் கொள்ளளவு 210 அடி. அங்கிருந்து மலையைக் குடைந்த வழியில் அவலாஞ்சிப் பக்கம் இறங்கும். அவலாஞ்சி 171 அடி, எமரால்டு 184 அடி. பெயருக்குத்தான் இரண்டு அணை, தண்ணீர் ஒன்று. எமரால்டிலிருந்து சுரங்கத்தில் புகுந்து குந்தா முதல் மின் நிலையத்தில் விழும். அங்கே 60 மெகாவாட். விழுந்த தண்ணீரைக் குந்தா அணை பிடித்துக்கொள்ளும். அங்கிருந்து மறுபடி சுரங்கம், கெத்தையில் விழுந்தால் 175 மெகாவாட். கெத்தையில் தேங்கி, பரளியில் விழுந்தால் 180. பரளியில் வெளியே வரும் தண்ணீர் பில்லூர் அணைக்குள் போகும், அங்கே இன்னொரு 100. மஞ்சூரிலிருந்து கெத்தை வழியாகக் கோவைக்குப் பஸ்ஸில் போயிருந்தால், 43 கொண்டை ஊசி வளைவுகளிலும் நீங்கள் இறங்கியது அந்தத் தண்ணீர் இறங்கிய மலையைத்தான். அது வளைவெடுக்காமல் நேராக இறங்குகிறது, அவ்வளவுதான்.

ஒரே தண்ணீர் நான்கு முறை டர்பைனைச் சுற்றியபின் பில்லூரில் கோவை நகரத்துக்குக் குடிநீராகிறது. மிச்சம் பவானி ஆற்றில் மேட்டுப்பாளையம் தாண்டி பவானிசாகரில் சேர்ந்து, ஈரோட்டுப் பக்கம் வயலுக்குப் போகிறது. பாட்டியிடம் சொல்லியிருக்க வேண்டும் ஐயா, டர்பைன் எடுத்துக்கொள்வது அதன் வேகத்தை மட்டும்தான்.

மார்ச்சில் ஏன் இறங்கிக் கிடக்கிறது என்பதற்கும் காரணம் உண்டு. அவலாஞ்சி, அப்பர்பவானி பக்கமெல்லாம் தென்மேற்குப் பருவமழைச் சீமை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பிடித்தால்தான் உண்டு. அதை அடுத்த மே வரை இழுத்து இழுத்துச் செலவழிக்க வேண்டும். ஜூனில் அணை காலியாக இருந்தால்தான் அடுத்த மழையைப் பிடிக்க இடம் இருக்கும். முழுசாக வைத்துக்கொண்டு மழைக்குக் காத்திருந்தால் வந்த தண்ணீர் மதகு வழியாக வீணாகப் போய்விடும். 2019 ஆகஸ்ட் 8ஆம் தேதி ஞாபகம் இருக்கிறதா? அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 82 சென்டிமீட்டர். சென்னையில் ஒரு வருடம் முழுக்கப் பெய்வதில் பாதிக்கு மேல், ஒரே நாளில்.

இன்னொன்று. எங்கள் மெஷின்கள் நாள் முழுக்க ஓடுவதில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஊரெல்லாம் விளக்குப் போடும் நேரத்தில் சென்னையிலிருந்து போன் வரும், "மெஷினை எடு" என்று. சில நிமிடத்தில் எடுத்துவிடலாம். நிலக்கரி நிலையம் அப்படி எழுந்து நிற்காது. இரவு பத்துக்கு மேல் "இறக்கு" என்பார்கள். இப்போது சூரிய மின்சாரம் வந்தபின் இந்தச் சாயங்கால வேலை இன்னும் கூடியிருக்கிறது என்று அங்கே பணியில் இருப்பவர்கள் சொல்கிறார்கள். காற்றாலைகள் சுழலும் மே முதல் செப்டம்பர் வரை எங்களுக்குக் கொஞ்சம் ஓய்வு, அணைக்கும் நல்லது.

பவானிக்கரை | திங்கள், காலை 8:30

அந்த "எடு, இறக்கு" எங்களுக்கு ஆற்றில் தெரியும் சார். பில்லூரில் மெஷின் ஓடத் தொடங்கினால் கொஞ்ச நேரத்தில் இங்கே முழங்கால் தண்ணீர் இடுப்புக்கு வரும். மேலே வெயில் அடித்துக்கொண்டிருக்கும், ஆறு ஏறிக்கொண்டிருக்கும். வெளியூரிலிருந்து குளிக்க வரும் பையன்களுக்கு இது புரிவதில்லை. பாறை மேல் வைத்த செருப்பு மிதக்கத் தொடங்கினால் உடனே கரையேற வேண்டும் என்று எங்களுக்குச் சின்ன வயதிலேயே சொல்லி வளர்த்தார்கள்.

சோலைக்குருவி | திங்கள், காலை 10:10

தண்ணீர் எங்கே போனது என்று கேட்பவர்கள், தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் என்ன நிற்கிறது என்றும் கேட்க வேண்டும். மண்! குந்தா, கெத்தை இரண்டிலும் சேறு ஏறிச் சுரங்க வாயை அடைக்கும் செய்தி எத்தனை முறை வந்துவிட்டது? பில்லூரும் அப்படித்தான். ஓடைக் கரைவரை கொத்திக் கேரட்டும் பூண்டும் போட்டால் வேறென்ன நடக்கும்? புல்வெளியும் சோலைக்காடும் இருந்த காலத்தில் மலை மழையைக் குடித்து வைத்துக்கொண்டு கோடையில் சொட்டுச் சொட்டாக விட்டது. அந்தப் புல்வெளியில் மேய்த்துக்கொண்டிருந்தவர்களின் நினைவாக இன்று பெயர் மட்டும் மிச்சம். போர்த்திமந்து அணையின் பெயரில் இருக்கும் "மந்து" நீலகிரிப் பழங்குடிகளான தோடரின் குடியிருப்பைக் குறிக்கும் சொல்.

பூண்டுப் பாத்தி | திங்கள், மதியம் 1:20

வந்துவிட்டது பாருங்கள், எங்கே சுற்றினாலும் கடைசியில் எங்கள் மண்வெட்டியில்தான் வந்து நிற்கும்.

தங்கை, நான் எமரால்டுக்கு மேலே முக்கால் ஏக்கரில் பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிறேன். சரிவில் குறுக்காகப் பாத்தி பிடித்துத்தான் போடுகிறேன். ஆனாலும் மண் போகும், பொய் சொல்ல மாட்டேன். ஜூலையில் ஒரு நாள் மழை விடாமல் அடித்தால், மறுநாள் காலையில் பாத்தியின் அடிமுனையில் விதைப்பூண்டு வேர் தெரிய நிற்கும். அதைக் கையால் மண் அள்ளி மூடுகிறவள் நான்தான். அந்த மண் என் காசு, எருப் போட்டு உரம் போட்டுச் சேர்த்த மண். அது அணைக்குப் போவதில் உங்களைவிட எனக்குத்தான் வயிற்றெரிச்சல்.

ஒன்று கேட்கிறேன். புல்வெளியை அழித்துச் சீகை (வாட்டில்) மரமும் கற்பூர (யூகலிப்டஸ்) மரமும் நட்டது யார்? நாங்களா? சாலை அகலப்படுத்த வெட்டிய மண்ணை எங்கே தள்ளினார்கள்? அதையும் எழுதுங்கள்.

சோலைக்குருவி | திங்கள், மதியம் 2:45

அக்கா, மன்னிக்க வேண்டும். "கேரட்டும் பூண்டும்" என்று ஒரே போடாகப் போட்டது தவறு. சீகையும் கற்பூர மரமும் அரசு நட்டவைதான், அதில் மறுபேச்சே இல்லை. ஓடைக் கரையில் இரண்டு மூன்று அடி அகலத்துக்குப் புல்லை விட்டுவிட்டுப் பாத்தி பிடித்தால் மண் தங்குமா? நேரில் பார்க்கிறவர் சொன்னால் நன்றாக இருக்கும்.

பூண்டுப் பாத்தி | திங்கள், மாலை 4:00

தங்கும். எங்கள் மாமனார் காலத்தில் விட்டிருந்தார்கள், மாட்டுக்குப் புல் வேண்டுமே. இப்போது மாடு இல்லை, அதனால் புல்லும் இல்லை. மூன்றடி விட்டால் எனக்கு இரண்டு பாத்தி போகும். பூண்டு விற்கும் விலையில் யார் விடுவார்கள்? அதற்கு ஏதாவது கொடுத்தால் விடுவோம்.

பரிசல் | திங்கள், மாலை 5:30

எல்லோரும் தண்ணீரைப் பற்றிப் பேசுகிறீர்கள், அதற்குள் இருப்பதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. நான் அணையில் வலை போடுகிறவன்.

இங்கே கிடைப்பது பெரும்பாலும் கெண்டை. சாதாக் கெண்டையும், உடம்பில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பெரிய செதில் உள்ள கண்ணாடிக் கெண்டையும். கண்ணாடிக் கெண்டை 1939இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்கு வந்ததாம். எங்கள் குடும்பமும் அங்குள்ள தேயிலைத் தோட்டத்திலிருந்து தாயகம் திரும்பிய குடும்பம்தான். மீன் எங்களுக்கு முன்பே வந்துவிட்டது. வெள்ளைக்காரர்களுக்குத் தூண்டில் போட டிரவுட் என்ற குளிர்நீர் மீன் வேண்டியிருந்தது, அதையும் 1900களின் தொடக்கத்தில் கொண்டுவந்து விட்டார்கள். அவலாஞ்சியில் அதற்கென்று குஞ்சு பொரிப்பகம் இருக்கிறது. டிரவுட் அணைத் தண்ணீரில் முட்டையிடாது. ஓடுகிற குளிர்ந்த நீரும் கூழாங்கல்லும் வேண்டும். அதனால் சினை மீனைக் கையில் பிடித்து, வயிற்றை மெதுவாக நீவி முட்டையைப் பாத்திரத்தில் இறக்குவார்கள். ஆண் மீனின் விந்துப் பாலை அதன்மேல் பிழிந்து கலக்குவார்கள். சின்னப் பையனாக இருந்தபோது வேடிக்கை பார்த்திருக்கிறேன். ஆரஞ்சு நிறத்தில் ஜவ்வரிசி மாதிரி இருக்கும்.

கெண்டைக்கு அந்தச் செல்லமெல்லாம் இல்லை. கரையோரம் முழங்கால் ஆழத்தில் தண்ணீருக்குள் மூழ்கிய புல்லில் ஒட்டவைத்துவிட்டுப் போய்விடும். கசகசா அளவுதான் இருக்கும் முட்டை. பொரிக்க மூன்று நான்கு நாள். இப்போது இரவுப் பணி ஐயா சொன்ன சாயங்கால மெஷினை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள் தொடர்ந்து இழுத்தால் கரையோரத் தண்ணீர் ஓர் அடி உள்ளே போய்விடும். காலையில் பரிசலைத் தள்ளப் போனால் புல் நுனியெல்லாம் உப்புத் தூவியது மாதிரி வெள்ளையாக இருக்கும். அத்தனையும் செத்த முட்டை. அந்த வருடக் குஞ்சு போயிற்று என்று அர்த்தம். அப்புறம் வெளியிலிருந்து குஞ்சு வாங்கி விட்டால்தான் மீன்.

இதைச் சொன்னால், "உன் கெண்டைக்காக ஊரை இருட்டில் வைக்க முடியுமா" என்கிறார்கள். வைக்கச் சொல்லவில்லை. சினைக் காலத்தில் ஒரு வாரம், எமரால்டில் இழுப்பதைக் குறைத்து வேறு அணையில் இழுத்தால் போதும்.

இரவுப் பணி | திங்கள், இரவு 8:10

பரிசல்காரரே, இவ்வளவு வருடம் மெஷின் ஓட்டினேன், இது எனக்குத் தெரியாது. எங்கள் பதிவேட்டில் நீர்மட்டத்துக்குக் கட்டம் இருந்தது, முட்டைக்குக் கட்டம் இல்லை.

வருத்தமான செய்தி ஒன்றும் சொல்ல வேண்டும். காட்டுக்குப்பையில் 500 மெகாவாட் நீரேற்று மின் நிலையம் கட்டுகிறார்கள் அல்லவா? பகலில் மின்சாரம் மிஞ்சும்போது அவலாஞ்சி–எமரால்டுத் தண்ணீரை மேலே போர்த்திமந்துக்கு ஏற்றி, சாயங்காலம் கீழே விடுவது அதன் வேலை. அது ஓடத் தொடங்கினால் கரையோரம் தினமும் ஏறும், தினமும் இறங்கும்.

நீல டிரம் | திங்கள், இரவு 8:30

ஏற்றவும் மின்சாரம், இறக்கினால் மின்சாரம். இதில் என்ன லாபம் ஐயா? அதைவிட எங்கள் தெருவுக்கு ஏற்றினால் புண்ணியம்.

இரவுப் பணி | செவ்வாய், காலை 6:20

நான்கு யூனிட் செலவழித்து ஏற்றினால் இறக்கும்போது மூன்று சொச்சம் திரும்பும். நஷ்டம்தான். ஆனால் மதியம் வேண்டாத மின்சாரத்தைச் சாயங்காலம் வேண்டும் மின்சாரமாக மாற்றித் தருகிறது. அரிசி மலிந்தபோது வாங்கிப் பத்தாயத்தில் போட்டால் எலி கொஞ்சம் தின்னும், அப்படித்தான்.

உங்கள் தெருவுக்கு வருகிறேன். நேற்று இரவு தூக்கம் வரவில்லை, உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பழைய பழக்கம்.

ஆயிரம் லிட்டர் தண்ணீர் நூறு மீட்டர் விழுந்தால் கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவாக மின்சாரம் கிடைக்கும். எமரால்டிலிருந்து பில்லூர் வரை ஏறத்தாழ 1,500 மீட்டர். ஆகவே எமரால்டில் நிற்கும் ஆயிரம் லிட்டரின் மதிப்பு சுமார் மூன்றரை யூனிட். அதைக் குடிக்க எடுத்தால் அந்த மூன்றரை போய்விடும். மேட்டைத் தாண்டிக் கொண்டுபோக வேண்டும், 300 மீட்டர் ஏற்ற வேண்டியிருக்கும் என்று வைத்துக்கொண்டால் மோட்டாருக்கு இன்னும் ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல்.

இப்போது 45 ஆயிரம் பேர் வாழும் ஒரு மலை நகரம், ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர். பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களுக்குச் சொல்லும் அளவு அது. மொத்தம் 60 லட்சம் லிட்டரும் கொஞ்சமும். மின்சாரத்தில் இழப்பது சுமார் 21 ஆயிரம் யூனிட். பெரிய எண் மாதிரித் தெரிகிறதா? குந்தா முதல் நிலையம், கெத்தை, பரளி மூன்றும் முழு அளவில் ஓடினால் 415 மெகாவாட். அந்த 21 ஆயிரத்தை அவை மூன்று நிமிடத்தில் உற்பத்தி செய்துவிடும்.

மூன்று நிமிடம்! நான் டீ ஆற்றும் நேரம். ஓர் ஆளுக்கு என்று பார்த்தால் நாளொன்றுக்கு அரை யூனிட். உங்கள் வீட்டு இரண்டு கிலோவாட் கீசரைக் கால் மணி நேரம் போட்டால் ஆகும் செலவு. ஆக, கரண்டுக்கு விட்டதால்தான் குழாயில் தண்ணீர் இல்லை என்பது கணக்கில் நிற்கவில்லை தம்பி. ஊட்டியைப் பாருங்கள். பார்சன்ஸ்வேலி அணையில் 30 மெகாவாட் நிலையமும் உண்டு, ஊட்டியின் குடிநீருக்கு முக்கிய ஆதாரமும் அதுதான்.

பவானிக்கரை | செவ்வாய், காலை 9:00

சார், கணக்குச் சரி. ஆனால் நீங்கள் மேலே எடுக்கும் 60 லட்சம் லிட்டர் கீழே எங்களுக்கு வராது என்பதையும் ஒரு வரி எழுதுங்கள். குடித்ததில் பெரும்பங்கு சாக்கடையாகத்தான் வரும்.

இரவுப் பணி | செவ்வாய், காலை 9:25

எழுதிவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நியாயம்தான். சுத்திகரித்து விட வேண்டும்.

சோலைக்குருவி | செவ்வாய், காலை 11:40

பருவமழையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குன்னூர்ப் பக்கம் வடகிழக்குப் பருவமழைச் சரிவு, அக்டோபர் நவம்பரில்தான் நல்ல மழை. அந்த ஊருக்காகச் சுதந்திரத்துக்கு முன் கட்டிய ரேலியா அணை அதை நம்பித்தான் நிற்கிறது. எமரால்டு மேற்கு மழையில் நிறைவது. ஒன்று பொய்த்தாலும் இன்னொன்று கைகொடுக்கும். ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு மழை இருப்பது எத்தனை பேருக்கு வாய்க்கும்! இடையில் குழாய் மட்டும் ஒழுங்காக இருக்க வேண்டும்.

நீல டிரம் | வியாழன், இரவு 10:15

இரவுப் பணி ஐயாவின் கணக்கைத் தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நேற்றுத் தெருக்காரர்கள் நான்கு பேராக எங்களுக்குத் தண்ணீர் திறந்துவிடுபவரைப் பார்க்கப் போனோம். நல்ல மனிதர், திட்டத்தான் போனோம், டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். "மேல் தொட்டிக்குத் தண்ணீர் வருவது வரத்தான் செய்கிறது" என்றார். தொட்டியிலிருந்து எங்கள் தெருவுக்கு வரும் குழாய் அவருக்கே வயது தெரியாத இரும்புக் குழாய். வாருங்கள் என்று கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே ஓர் இடத்தில் மட்டும், இந்த மார்ச் வெயிலில், முழங்கால் உயரத்துக்குப் பச்சைப் பசேலென்று புல். பக்கத்தில் இரண்டு காட்டெருமை படுத்திருந்தது. குழாய் அந்தப் புல்லுக்கு அடியில்தான் போகிறது. அவர் மூன்று முறை எழுதிப் போட்டுவிட்டாராம்.

நாங்களும் நான்காவதாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தோம்.

இன்று சாயங்காலம் தண்ணீர் வந்தது. பதினோராம் நாள். நாற்பது நிமிடம். அம்மா வட்டம் போட்டுவிட்டார்.

இரவுப் பணி | வெள்ளி, காலை 6:05

அந்தப் புல்லைப் போட்டோ எடுத்தீர்களா? எருமையோடு சேர்த்து எடுங்கள், அதிகாரிகள் பார்ப்பார்கள். அடுத்த முறை தண்ணீர் வரும்போது ஒரு டிரம் நிறைய எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். தொட்டியில் இறங்கிய அளவையும் அவரிடம் கேட்டு வாங்கினால், எருமை எவ்வளவு குடிக்கிறது என்று நான் சொல்லிவிடுகிறேன்.